அடைப்பிலக்கணம்

பாயிரம்

வீட்டுக்கு விதி வகுத்த நூலோர் தலைவாசல், சமையலறை, பூசையறை என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வாஸ்து வல்லுநர்கள் செப்டிக் டேங்கையும் நினைவில் வைத்து, அதற்கென்று வாயு மூலையை ஒதுக்கித் தந்தார்கள். ஆனால் அந்த மூலைக்கு அனுப்பியதெல்லாம் ஒருநாள் குளியலறைக்கே திரும்பி வந்து நின்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரு சூத்திரம்கூடச் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்கள். அக்குறை தீர எழுந்தது இந்நூல்.

நூலென்றால் பாயிரம் வேண்டும். இதன் எல்லை, பாதாளச் சாக்கடைக் குழாய் வந்து நின்றுபோன தெருவுக்கு அப்பால் உள்ள நிலம் முழுதும். காலம், பிளம்பர் செல்போனை அணைத்து வைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை. களம், கீழ்வீட்டுக் குளியலறை. கேட்போர், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்போர். பயன், தரையை உடைக்காமல் தப்பித்தல். அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. அது விலக்கியலில் வரும்.

1. தொட்டியியல்

நிறைதல் தொட்டியின் இயல்பே, அதனை
நோயெனக் கூறல் அறியார் கூற்றே.

உரை: அடைப்பு வந்த வீடுதோறும் முதலில் எழும் வாக்கியம், "டேங்க் ரொம்பிடுச்சு" என்பது. கட்டிப் புழங்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தொட்டி நிறைந்துவிடும். அதன்பின் கழிவு உறிஞ்சும் லாரி வரும் நாள் தவிர ஆயுள் முழுதும் நிறைந்தேதான் இருக்கும். ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி மறுபக்கம் வெளியேற வேண்டும். அவ்வளவுதான் அதன் கணக்கு.

உள்ளே வந்த நீர் ஒன்றிரண்டு நாள் அங்கே தங்கும். அந்த ஓய்வில் கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும். இரண்டுக்கும் நடுவே ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று குறைக்கும், ஆனால் தீர்த்துவிடாது. நடுநீர் மட்டும் வெளியேறி உறைகிணற்றுக்கு, அதாவது உறிஞ்சு குழிக்குப் போகவேண்டும் என்பதற்காகவே வெளிவாயில் ஒரு 'டீ' குழாய் வைக்கிறார்கள். அதன் கீழ்க்கால் ஏட்டைத் தாண்டி நடுநீருக்குள் இறங்கி நிற்கும். இந்த ஒற்றைக் குழாயை வைக்க மறந்த கொத்தனாரால் உறைகிணறு இழந்த வீடுகள் பல.

இதற்கு வரலாறும் உண்டு. பிரான்ஸ் நாட்டு ழான் லூயி மூரா இப்படிப்பட்ட மூடிய தொட்டிக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் 1890களில் அதைத் திருத்திக் கட்டி, செப்டிக் டேங்க் என்று பெயரிட்டார். இந்தியாவில் இதற்கான தரநூல் ஐ.எஸ். 2470. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஏறத்தாழ 1 மீட்டர் நீராழம் போதும் என்பது அதன் கணக்கு. நம்மூரில் கட்டப்படுவதோ ஒரு படுக்கையறை அளவு. காரணம் கேட்டால், "பெருசாக் கட்டிட்டா ஆயுசுக்கும் திறக்க வேணாம் சார்" என்று கொத்தனார் அருளுவார். இனி வரும் நோய்கள் பலவற்றுக்கு இந்த அருள்வாக்கே வேர்.

2. குறியியல்

தயங்கலும் குமிழ்த்தலும் நாறலும் எதிர்த்தலும்
வழிதலும் எனக்குறி ஐவகைப் படுமே.

உரை: தயங்கல் என்பது ஊற்றிய நீர் போகலாமா வேண்டாமா என்று கோப்பையில் சற்று நின்று, பிறகு மனமில்லாமல் இறங்குவது. ஐந்தில் இதுவே இளநோய். இந்தக் கட்டத்தில் கவனிப்போர் மிகச் சிலர்.

குமிழ்த்தல் என்பது ஒரு கோப்பையில் ஃபிளஷ் இழுக்க, இன்னொரு கோப்பை 'களக் களக்' என்று மறுமொழி சொல்வது. குழாய்க்குள் காற்றுக்கு வழியில்லை என்பது இதன் பொருள். குழாய் பாதி அடைத்திருக்கலாம். அல்லது வென்ட் பைப்பின் தலையில் கொசுவுக்காகக் கட்டிய வலை தூசியும் ஒட்டடையும் சேர்ந்து மூடியிருக்கலாம். வலை கட்டுவது நல்லதே. கட்டியவர் அதற்குப் பின் மாடிக்கே போகாததுதான் குற்றம்.

நாறல் இருவகை. வெளியே, தொட்டியைச் சுற்றி நாறுவது ஒன்று. விருந்தினர் அறைக் குளியலறையில் மட்டும் நாறுவது மற்றொன்று. பின்னது பெரும்பாலும் நோயே அன்று. பல நாள் புழங்காத அறையில், தரை வடிகாலின் வளைவான நஹானி ட்ராப்பில் நிற்கவேண்டிய நீர் காய்ந்துவிட்டால், குழாய்க் காற்று நேரே அறைக்குள் வரும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீரும். இதை அறியாமல் தரை மாற்றினோரும் உளர்.

எதிர்த்தல் என்பது மேல்வீட்டார் குளிக்க, கீழ்வீட்டு நஹானி ட்ராப்பில் சோப்பு நுரை எழுந்து வருவது. நீர் பள்ளத்தைத்தான் தேடும். முதன்மைக் குழாயில் அடைப்பு என்றால் இருப்பதிலேயே தாழ்ந்த வாயில்தான் முதலில் வெளிப்படும். ஒருவர் செய்த வினையை இன்னொருவர் அனுபவிப்பதற்கு இவ்வுலகில் இதைவிட நேரான சான்று இல்லை. மேல்வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரராகவும் கீழே இருப்பவர் வாடகைக்காரராகவும் இருந்தால் வைத்தியம் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

வழிதல் என்பது தொட்டி மூடியின் விளிம்பில் கசிவது. இதற்கு உரை தேவையில்லை. தெருவே எழுதிவிடும்.

3. இடவியல்

கோப்பை குழாயே தொட்டி மண்ணென
நாற்பாற் படுமே அடைப்பின் இடனே.

உரை: இவ்வியலே நூலின் உயிர்நிலை. நோய் எங்கே என்று அறியுமுன் கையில் எடுக்கும் எந்தக் கருவியும் கூலிக்குக் கேடு.

ஒரே ஒரு கோப்பை மட்டும் நிற்கிறது, வீட்டின் மற்ற வாய்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன என்றால், அடைப்பு அந்தக் கோப்பையின் வளைவிலோ அதன் தனிக் குழாயிலோ இருக்கிறது. தொட்டிமேல் பழி சொல்லக்கூடாது. எல்லா வாய்களும் ஒருசேர மறுத்தால் மட்டுமே வீட்டுக்கு வெளியே நடக்கவேண்டும்.

வெளியே வந்ததும் முதலில் திறக்கவேண்டியது தொட்டியை அன்று, வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் உள்ள சேம்பரை. சிமெண்ட் மூடியின் ஓரத்தில் மண்ணைச் சுரண்டி, கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்ப, மூடி ஒரு பக்கமாக எழும்பும். கரப்பான்கள் நாலு திக்கும் ஓடும். ஓடி முடிக்கட்டும். உள்ளே தரையில் அரைவட்டமாக ஒரு சிறு வாய்க்கால் தெரியும். வீட்டினுள் இருப்பவரை ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் கோப்பையில் ஊற்றச் சொல்க. நீல நீர் சேம்பரில் தலைகாட்டாமல் வாய்க்கால் உலர்ந்தே கிடந்தால், அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பரே விளிம்புவரை நிறைந்து நின்றால், அடைப்பு சேம்பருக்கு அப்பால். நீலம் தாராளமாக வந்து தாராளமாகப் போனால், நோய் உங்கள் வீட்டில் இல்லை. நாளை வரும்.

அடுத்தது தொட்டி. அதன் மூடியைத் திறப்பது லாரிக்காரர் வேலை. வீட்டார் எட்டி நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "தண்ணி எந்த மட்டத்துல நிக்குது?" வெளிக்குழாயின் மட்டத்திலேயே நின்றால் தொட்டி நலம், குற்றம் உள்ளே வரும் குழாயில். வெளிக்குழாய்க்கு மேலே ஏறி நின்றால் குற்றம் அதற்கு அப்பால், அதாவது 'டீ'யிலோ உறைகிணற்றிலோ. வெளிக்குழாய்க்கும் கீழே இறங்கி நின்றால் மகிழவேண்டாம். லாரி அண்மையில் வந்துபோயிருக்க வேண்டும். அல்லது தொட்டியில் வெடிப்பு விழுந்து நிலத்தடி நீரில் கலந்துகொண்டிருக்க வேண்டும்.

உறைகிணறு செத்ததா பிழைத்ததா என்று அறிய ஒரு தேர்வு உண்டு. லாரி உறிஞ்சும்போது வெளிக்குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க. அதன் வழியே தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி ஒழுகினால், மண் இனிக் குடிக்க மறுக்கிறது என்று பொருள். லாரி போன ஓரிரு வாரத்தில் நோய் மீண்டும் வருவது இவ்வகையில்தான். அப்போது லாரிக்காரரைத் திட்டுவது மரபு. அது பிழைபட்ட மரபு.

4. காலவியல்

உரை: காலம் மூன்று. காலை, கார், கல்யாணம்.

காலை ஆறு முதல் எட்டுவரை மட்டும் தயங்கி, நண்பகலில் தானே சரியாவது பளுவினால் வந்த நோய். எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்து, வாஷிங் மெஷினும் அதே வேளையில் தண்ணீரைக் கக்கினால் உறைகிணறு என்ன செய்யும்? துணி துவைப்பதை மாலைக்கு மாற்றினால் பாதி நோய் தீரும்.

கார் என்று இங்கே சொன்னது வடகிழக்குப் பருவமழையை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறும்போது மண்ணுக்கே இடமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய மனைகளில் இருப்போர் இதை உரையின்றி அறிவர். அப்போது லாரி அழைப்பதால் வரும் நிம்மதி ஓர் இரவுக்குக்கூட நிற்காது. தவிரவும் ஒரு கேடுண்டு. சுற்றிலும் நீர் நிற்கையில் தொட்டியை முழுக்கக் காலி செய்தால், இலேசான பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்துவிடும். ஆகவே லாரிக்கு உரிய பருவம் கோடை. நாம் அழைக்கும் பருவம் கார்த்திகை.

கல்யாணம் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. ஐவருக்குக் கட்டியதில் ஐம்பதின்மர் மூன்று நாள் தங்கினால் மாப்பிள்ளை அழைப்பன்று தொட்டியும் எதிர்கொண்டு அழைக்கும்.

5. வினையியல்

கட்டினோர் பிழையும் இட்டோர் பிழையும்
விட்டோர் பிழையும் மூவகை வினையே.

உரை: கட்டினோர் பிழையாவது, குழாய்க்குப் போதிய சரிவு தராமை, செங்கோணத்தில் திருப்புதல், 'டீ' வைக்காமை, மொட்டைமாடி மழைநீரையும் இதிலேயே கொண்டு சேர்த்தல். பெயர் மட்டும் செப்டிக் டேங்காக, உள்ளே அடித்தளமே இல்லாத குழியாகக் கட்டுவதும் இதில் அடங்கும். இவ்வீட்டார் அடைப்பே வந்ததில்லை என்று பெருமை கொள்வர். அவர்கள் வீட்டில் வந்திருக்கவேண்டியது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போயிருக்கும். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது தரநூல். அரை கிரவுண்டு மனையில் இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் நிற்க இடமிருந்தால் அதிசயம்.

இட்டோர் பிழையாவது, கரையாததை இடுதல். நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான், தலைமுடிக் கற்றை, ஷாம்பூ பாக்கெட் உறை, ஆணுறை. இவற்றை இட்டவர் இன்னார் என்று இதுவரை எவ்வீட்டிலும் கண்டறியப்பட்டதில்லை. வளைவிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினாலும் எல்லாரும் முதல்முறை பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். அடுக்களை எண்ணெயும் இவ்வகையே. போகும்போது திரவம், குழாய்க்குள் திடம்.

விட்டோர் பிழையாவது, ஆண்டுக்கணக்காகத் திறக்காமல் விடுதல். கசடு குறையுமேயன்றித் தீராது என்று முன்பே சொன்னோம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் அது நடுநீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கசடு எட்டினால் எடுக்கும் வேளை வந்தது என்பது பொதுவிதி. அதற்குப் பிறகும் விட்டால் கசடு 'டீ'யைத் தாண்டி உறைகிணற்றுக்குப் போய் மண்ணின் கண்களை அடைக்கும். அடியில் தங்கியதோ ஆறிப்போன கேழ்வரகுக் களிபோல் இறுகும். மூவகை வினையிலும் கொடியது இதுவே.

6. மாந்தரியல்

உடைப்பார் ஊற்றுவார் உரைப்பார் உறிஞ்சுவார்
ஒளிப்பார் என்றிவர் மாந்தர் ஐவரே.

உரை: உடைப்பார், வந்தவுடன் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பவர். "இங்கதான் சார் இருக்கும்" என்பார். இருக்காது.

ஊற்றுவார், ஆசிட் பாட்டிலோடு வருபவர். உரைப்பார், பக்கத்து வீட்டுப் பெரியவர். "ரெண்டு கிலோ வெல்லத்தைக் கரைச்சு ஊத்துங்க தம்பி. எங்க வீட்டுல முப்பது வருஷமாத் திறந்ததே இல்ல" என்பார். பிற்பாதி உண்மை. அதனால்தான் அவர் வீட்டுக்கருகில் நாம் மூக்கைப் பொத்துகிறோம்.

உறிஞ்சுவார், லாரியோடு வருபவர். ஐவருள் உண்மையில் வேலை செய்கிறவர் இவர் ஒருவரே. ஆகவேதான் இவரிடம் மட்டும் பேரம் பேசப்படுகிறது.

ஒளிப்பார், வீட்டைக் கட்டியவர். மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டினார். அல்லது பேவர் பிளாக் பரப்பிக் காரை நிறுத்தினார். அல்லது துளசி மாடம் எழுப்பினார். மூடி இருக்கும் இடம் அறிந்தவர் அவர் ஒருவரே. அவரிடம் கேட்கலாம் என்று போனால், அவர் கூடத்துப் படத்தில் மாலையோடு இருக்கிறார்.

7. மருந்தியல்

உரை: மருந்து மூவகை. தீர்ப்பன, தீராதன, கெடுப்பன.

தீர்ப்பன: வளைவு அடைப்புக்கு ரப்பர் பம்ப். குழாய் அடைப்புக்கு ராடு அல்லது மூங்கில் பிளாச்சு. சேம்பரிலிருந்து வீட்டை நோக்கிக் குத்துவது, வீட்டிலிருந்து வெளியே குத்துவதைவிட எளிது. கசடுக்கு லாரி. மண் மறுத்தால் சில நாள் தண்ணீரைக் குறைத்து ஓய்வு. அதற்கும் மசியாவிட்டால் புதிய உறைகிணறு. குளிக்கும் நீரையும் துவைக்கும் நீரையும் தனியே பிரித்து வாழைக்கும் தென்னைக்கும் விட்டால் உறைகிணற்றின் ஆயுள் நீளும். நம் பாட்டிகள் வீட்டுப் புழக்கடையில் இது நூலின்றியே நடந்தது.

தீராதன: வெல்லம், ஈஸ்ட், சாணக் கரைசல், புளித்த மோர், 'ஒரே பாக்கெட்டில் டேங்க் காலி' என்று விற்கும் பொடி. நுண்ணுயிரை வெளியிலிருந்து கொணரவேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு காலையும் வீட்டார் அனைவரும் தவறாமல் அனுப்பிவைக்கிறார்கள்.

கெடுப்பன: குடம் குடமாக ஆசிட், காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர். இவை தொட்டியின் நுண்ணுயிரைக் கொல்லும். ஆசிட் சிமெண்டையும் அரிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சிறிய குளியலறையில் அது உயிர்க்கு ஊறு. ஊற்றியும் அடைப்பு தீராமல் ஆள் அழைத்தால், ஊற்றியிருக்கிறோம் என்பதை அவரிடம் சொல்லிவிடுவது கடமை. தெறிப்பது அவர் கண்ணில்.

8. விலக்கியல்

எதுவும் இறங்கலாம், ஆளிறங் கற்க.

உரை: இந்நூலில் ஒரு வரியில் அமைந்த சூத்திரம் இது ஒன்றே. ஓரடியில் சொன்னது, மறக்காமல் இருப்பதற்கு.

தொட்டிக்குள் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவை தங்கியிருக்கும். கடைசியாகச் சொன்னது குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். நாற்றம் நின்றதும் நல்லதென்று நினைத்து இறங்குபவர் அங்கேயே நிற்கிறார். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும், அவரைத் தூக்க இறங்கும் மூன்றாமவரும் அதே மூச்சைத்தான் இழுக்கிறார்கள். நாளேட்டில் ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று செய்தி வருவது இதனால்.

தடை: புதிதாகக் கட்டிய, இன்னும் புழங்காத தொட்டியில் இறங்கலாமே எனின், விடை: அதுவும் ஆகாது. மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் ஈரமான சென்ட்ரிங் பலகை ஆக்சிஜனைத் தின்றிருக்கும். பலகை பிரிக்க இறங்கி இறந்தோர் தமிழகத்தில் உண்டு.

சட்டமும் இதையே சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றும் பணிக்கு ஆட்களை அமர்த்தத் தடை விதிக்கும் சட்டம், பாதுகாப்பின்றி ஆளைச் செப்டிக் டேங்கில் இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல்முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஒப்பந்தக்காரருக்கு மட்டுமன்று, ஆளை அமர்த்திய வீட்டுக்காரருக்கும் பொருந்தும். உச்ச நீதிமன்றம் 2014இல், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று விதித்தது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்தவேண்டி வந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

ஆள் எப்போது இறங்குகிறார் என்று ஆராய்ந்தால் வினையியலுக்கே திரும்பவேண்டும். இருபது ஆண்டு திறக்காத தொட்டியில் இறுகிய கசடை லாரிக் குழாய் இழுக்காது. மேலே நிற்கும் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "அடியில கொஞ்சம் நிக்குது பாருப்பா, அதையும் எடுத்துடு, காசு சேத்துத் தரேன்" என்பார். இந்த வாக்கியம்தான் ஏணியைக் கேட்கிறது. அடியில் கொஞ்சம் நிற்பதால் கேடொன்றும் இல்லை. தொட்டியைக் கழுவித் துடைத்துக் கோலம் போடும் தேவை எந்தத் தரநூலிலும் கிடையாது.

புறனடை

இந்நூலில் சொல்லாமல் விட்டவற்றை அவரவர் மூக்கின் வழியே அறிந்துகொள்க. சொன்னவற்றுள் மூன்றை மட்டும் இன்றே செய்க. ஒன்று, தொட்டி மூடி எங்கே இருக்கிறது என்பதை வீட்டுப் பத்திரத்தோடு ஒரு தாளில் வரைந்து வைக்க. இரண்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், அடைக்காத போதே லாரி அழைத்துக் கசடை எடுத்துவிடுக. உரிமம் உள்ள லாரியா, ஏரியில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோகிறதா என்று கேட்டு அழைக்க. தமிழகத்தில் இதற்கென 14420 என்ற உதவி எண் இருக்கிறது. மூன்று, யார் எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டாலும், உங்கள் தொட்டிக்குள் ஒருவரையும் இறங்க விடாதீர்கள். அடியில் நிற்கும் அந்தக் கொஞ்சம் அங்கேயே நிற்கட்டும்.